வாடகை விமானமும் மக்களின் உயிரும்

(இரத்மலானை விமான நிலையத்தைப் பற்றியும் தனியார் வாடகை விமானங்களின் பாதுகாப்பைப் பற்றியும் வெள்ளவத்தையிற் கூடிய தொழிலறிஞர், கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

    

விமானத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று கேள்வியுற்றதும், "வெங்காயத்துக்கு விலையில்லை, உரத்துக்கு வழியில்லை; இந்த வேளையில் விமானம் எதற்கு?" என்று கமக்கார நண்பர் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பணம் படைத்தவர்கள் வாடகைக்கு அமர்த்தி உல்லாசமாய்ப் பறக்கும் சிறு விமானங்களுக்கும் நமக்கும் என்ன உறவு? அந்தக் கேள்விக்கு மறுமொழி கூறுவதற்காகவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

இரத்மலானையும் நாமும்

காலி வீதிக்கு அருகே, கடற்காற்று ஓயாது வீசும் இரத்மலானை மண்ணில் 1935ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் 27ஆம் திகதி முதல் விமானம் வந்திறங்கிற்று. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? சென்னையிலிருந்து வந்தது. 1947ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 10ஆம் திகதி 'ஏர் சிலோன்' நிறுவனம் தன் முதற் சேவையைத் தொடங்கியபோது அந்த விமானம் சென்ற வழி என்ன? இரத்மலானை, காங்கேசன்துறை, சென்னை! இந்நாட்டின் வான்வழிச் சரித்திரத்தின் முதல் ஏட்டிலேயே யாழ்ப்பாணத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

அதே இரத்மலானையை வேறொரு காரணத்தாலும் நாம் மறக்க இயலாது. 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வீடிழந்து, உடைமை இழந்து, உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடிவந்த நம் மக்கள் பலருக்கு அந்த விமான நிலையத்துக் கொட்டகைகளே புகலிடமாயின. ஆகவே, இரத்மலானை வெள்ளவத்தைத் தமிழனுக்கு அயலூர் மாத்திரமன்று. அவன் இன்பத்தையும் துன்பத்தையும் கண்ட இடம் அது.

அங்கிருந்து இன்று எழும்பும் விமானங்களிற் பல தனியாருடையவை. ஒரு நோயாளியை அவசரமாய்க் கொண்டு செல்லவோ, உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லவோ, ஒரு வியாபாரியை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சேர்க்கவோ அவை வாடகைக்கு அமர்த்தப்படுகின்றன. பெரிய விமானக் கம்பனிகளைக் கண்காணிக்கப் பல கண்கள் உண்டு. அயல்நாட்டு அரசாங்கங்கள் பார்க்கின்றன, காப்புறுதிக் கம்பனிகள் பார்க்கின்றன, பத்திரிகைகள் பார்க்கின்றன. இரண்டு மூன்று விமானங்களை வைத்துத் தொழில் நடத்தும் சிறு கம்பனியைப் பார்ப்பவர் யார்? சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பரிசோதகர்கள் பார்க்க வேண்டும். அவர்கள் பார்க்கிறார்களா என்பதை மக்கள் பார்க்க வேண்டும். நம் உரையின் சாரம் இவ்வளவுதான்.

மூன்று பேரழிவுகள்

வாடகை விமானம் என்றால் பணக்காரன் விமானம் என்று எண்ணுகிறோமே, அது எவ்வளவு தவறான எண்ணம் என்பதை நம் நாட்டுச் சரித்திரமே காட்டும்.

1974ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து மக்காவுக்கு யாத்திரை புறப்பட்ட மக்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்காவை நோக்கி வந்த டச்சு விமானமொன்று, நோட்டன் பிரிட்ஜுக்கு அருகே சப்த கன்னியர் மலையில் மோதிற்று. விமானத்தில் இருந்தவர்கள் 191 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. தாம் இருந்த இடத்தைப் பிழையாகக் கணித்து, மலைக்கு மேலே பறக்க வேண்டிய உயரத்தைவிடத் தாழ இறங்கியதே அழிவுக்குக் காரணமென்று விசாரணையிற் கண்டார்கள். அது வாடகைக்கு அமர்த்தப்பட்ட விமானம். அதில் இருந்தவர்கள் செல்வச் சீமான்களா? அல்லர். ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றப் புறப்பட்ட யாத்திரிகர்கள்.

நான்கு ஆண்டுகள் சென்றன. 1978ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் 15ஆம் திகதி, ஜித்தாவிலிருந்து யாத்திரிகர்களைத் தாயகம் திருப்பிக் கொண்டு சென்ற ஐஸ்லாந்து நாட்டு வாடகை விமானம், கட்டுநாயக்காவில் இறங்க முயன்று ஓடுபாதைக்கு முன்னரே தோட்டத்தில் வீழ்ந்து சிதறிற்று. 262 பேரில் 183 பேர் மாண்டனர். விமானிகள் இறங்கும் ஒழுங்கைக் கைக்கொள்ளவில்லை என்றது இலங்கை விசாரணை. நிலத்திலிருந்து வழிகாட்டிய கருவிகளின் நிலையிலும் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கொடுத்த தகவலிலும் குறையுண்டு என்றனர் ஐஸ்லாந்துத் தரப்பினர். இரு தரப்பிலும் எது உண்மையாயினும் பாடம் ஒன்றே. விமானத்தைப் போலவே விமான நிலையத்துக் கருவிகளும் காலந்தவறாமற் சோதிக்கப்பட வேண்டியவை. இரண்டில் ஒன்று தவறினாலும் மற்றது தாங்கிக்கொள்ளும் நிலையிருந்தால் உயிர் பிழைக்கும். இரண்டும் ஒருங்கே தவறினால் தப்புவார் இல்லை.

மூன்றாவது நிகழ்ச்சி நம் நெஞ்சுக்கு மிக அண்மையிலுள்ளது. 1998ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 29ஆம் திகதி. தரைப்பாதை மூடப்பட்டிருந்த காலம். யாழ்ப்பாணத்தவன் கொழும்புக்கு வரவேண்டுமானால் கப்பல், அல்லது விமானம். பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட 'லயன்எயர்' விமானம் சில நிமிடங்களுக்குள் மன்னார்க் கடற்பரப்பில் மறைந்தது. 48 பிரயாணிகள், 7 பணியாளர்கள், ஆக 55 உயிர்கள். பிரயாணிகளிற் பெரும்பாலோர் தமிழர். இரத்மலானையிலே காத்து நின்ற உறவினர் காத்து நின்றபடியே இருந்தனர்.

அவ்விமானம் இயந்திரக் கோளாறினால் வீழவில்லை, விடுதலைப் புலிகளின் ஏவுகணையினாலேயே வீழ்த்தப்பட்டது என்பதே பின்னர் அதிகாரிகள் எட்டிய முடிவு. அதன் சிதைவுகள் இரணைதீவுக்கு அண்மையில் கடலடியிற் கண்டுபிடிக்கப்பட்டது 2012ஆம் ஆண்டில். பதினான்கு ஆண்டுகள்! மீட்கப்பட்ட உடைகளையும் பொருள்களையும் யாழ்ப்பாணத்தில் உறவினர் பார்வைக்கு வைத்தபோதுதான் பல குடும்பங்கள் தம்மவரின் அடையாளம் ஒன்றையேனும் கண்டன.

அரசியல் வாதத்துக்காக இதனை எடுத்துக் கூறவில்லை. ஆயுதம் தாங்கியவன் பிரயாணிகள் விமானத்தைச் சுட்டது கொடுமை. அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால், போர் நடக்கும் வான்வெளியில் பொதுமக்களை ஏற்றிப் பறக்கலாமா என்று தீர்மானிப்பதும் மேற்பார்வையாளரின் கடமைதானே? மேலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த விமானம் சோவியத் நாட்டிற் செய்யப்பட்ட அன்டனோவ் 24 வகையைச் சேர்ந்தது. பெலருஸ் நாட்டிற் பதிவு செய்யப்பட்டு, அந்நாட்டுப் பணியாளருடன் வாடகைக்குக் கொண்டுவரப்பட்டது. பதிவு ஒரு நாட்டில், பறப்பது மற்றொரு நாட்டில்! இத்தகைய விமானத்தின் பறப்புத் தகுதிக்கு எந்நாடு பொறுப்பு?

1944ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையின்படி பறப்புத் தகுதிக்குப் பொறுப்பு விமானத்தைப் பதிவு செய்த நாட்டினுடையது. இலங்கை அந்த உடன்படிக்கையில் 1948ஆம் ஆண்டிற் சேர்ந்தது. அப்பொறுப்பை, விமானத்தை நடத்தும் நாட்டுக்கு எழுத்து மூலம் மாற்றிக்கொள்ளப் பிற்காலத்தில் 83 பிஸ் என்னும் உறுப்புரையைச் சேர்த்தார்கள். எழுத்தில் மாற்றினால் நன்று. மாற்றாவிட்டால்? பதிவு செய்த நாட்டின் பரிசோதகன் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருப்பான். பறக்கும் நாட்டின் பரிசோதகன் "இது என் பொறுப்பன்று" என்பான். இரண்டு வீட்டுக்காரருக்குப் பொதுவான வேலியை இருவருமே அடைக்காமல் விட்டால் மாடு புகுந்து பயிரை மேய்வது கமக்காரருக்குத் தெரியாததா?

பராமரிப்பு என்பது யாது?

விமானப் பராமரிப்பு ஏதோ மந்திர வித்தையென்று எண்ணி நாம் ஒதுங்கி நிற்கிறோம். அப்படி ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்றிலே துலா மிதித்து இறைத்த காலத்தைப் பெரியோர் அறிவீர்கள். மேலே துலாவில் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து நீரை வார்ப்பார். மேலே நடப்பவர் ஒவ்வோர் அடியிலும் கயிற்றை நம்பியே நடக்கிறார். கயிறு இற்றிருக்கிறதா, அச்சு தேய்ந்திருக்கிறதா என்று காலையிலே பார்த்தவர் மற்றொருவர். பார்த்தவரின் கண்ணிலே தங்கியிருக்கிறது நடந்தவரின் உயிர். விமானத்திலும் அதே உறவுதான். கயிற்றுக்குப் பதிலாக ஆயிரமாயிரம் உறுப்புகள்.

அந்த உறுப்புகளுக்கு மூன்று கணக்குகள் உண்டு. எத்தனை மணி நேரம் பறந்தது என்பது முதற் கணக்கு. எத்தனை முறை எழுந்து இறங்கியது என்பது இரண்டாவது. எத்தனை நாள்கள் கழிந்தன என்பது மூன்றாவது. இயந்திரம் மணிக்கணக்கில் தேயும். சில்லுகளைத் தாங்கும் கால்கள் இறங்கும்தோறும் தேயும். இறப்பர்க் குழாய் பறவாமல் நின்றாலும் நாள்பட நாள்பட இறுகி வெடிக்கும். "விமானம் சும்மாதானே நின்றது, அதற்கென்ன சோதனை?" என்று கேட்பவன் இந்த மூன்றாவது கணக்கை அறியாதவன். கடலோரத்து இரத்மலானையில் உப்புக் காற்று வேறு உண்டு. மழைக் காலத்திற் கொட்டிலிலே கிடந்த நீரிறைக்கும் இயந்திரம் கோடையில் முதல் நாளே துருப்பிடித்து அடம்பிடிப்பதில்லையா? விமானமும் உலோகம்தான்.

ஒவ்வொரு விமானத்துக்கும் தொழினுட்ப ஏடு ஒன்று உண்டு. விமானி கண்ட குறையை அதில் எழுத வேண்டும். பொறியியலாளர் அதைத் திருத்தி, திருத்தியதை எழுதி, தம் அனுமதிப்பத்திர இலக்கத்துடன் ஒப்பமிட வேண்டும். அவருடைய ஒப்பம் இல்லாமல் விமானம் எழும்பலாகாது. சில சிறு குறைகளுடன் குறிப்பிட்ட நாள்வரை பறக்கலாமென விதியே இடமளிக்கிறது; அதற்கெனப் பட்டியலும் தவணையும் உண்டு. வஞ்சகம் நுழையும் வாசல் இந்தத் தவணைதான். பத்து நாள் தவணை முடிகிற அன்று பழுதைத் திருத்தாமலே "திருத்தப்பட்டது" என்று எழுதி, மறுநாள் அதே குறையைப் புதிய குறையாகப் பதிந்தால் ஏடு சுத்தமாயிருக்கும், விமானம் பழுதாயிருக்கும். ஏட்டை மாத்திரம் பார்க்கும் பரிசோதகன் திருப்தியுடன் வீடு செல்வான். ஏட்டையும் விமானத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவனே பரிசோதகன்.

பிற நாடுகள் கற்ற பாடம்

2019ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 21ஆம் திகதி, ஆர்ஜென்ரீன உதைபந்தாட்ட வீரர் எமிலியானோ சாலா பிரான்சிலிருந்து வேல்ஸுக்குச் சென்ற சிறு விமானம் கடலில் வீழ்ந்தது. பிரித்தானிய விசாரணையாளர் கண்டவை எவை? பணம் பெற்றுப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் உரிமம் அந்த விமானிக்கு இருக்கவில்லை. இரவிற் பறக்கும் தகுதி இருக்கவில்லை. இயந்திரத்தின் புகைபோக்கும் அமைப்பிலிருந்து நச்சு வாயு கசிந்து அறைக்குள் புகுந்திருக்கக்கூடும். வீரரின் இரத்தத்தில் அந்நஞ்சு மிகுந்திருந்தது. அந்த வாயுவைக் காட்டி எச்சரிக்கும் கருவி விமானத்தில் இருக்கவில்லை. அப்பறப்பை ஒழுங்கு செய்தவருக்கு 2021ஆம் ஆண்டில் 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வாடகைச் சான்றிதழ் இல்லாமல் வாடகைக்கு ஓடும் விமானம், அனுமதியில்லாத தனியார் காரை வாடகைக்கு ஓட்டுவது போன்றதே. ஆனால் கார் நின்றால் இறங்கி நடக்கலாம்!

2016ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் 28ஆம் திகதி, பிரேசில் நாட்டுச் சப்பேகோயன்சே உதைபந்தாட்டக் குழுவை ஏற்றிய பொலிவிய வாடகை விமானம் கொலம்பியாவில் வீழ்ந்து 71 பேர் மாண்டனர். எரிபொருள் முற்றாகத் தீர்ந்துவிட்டது. பறக்க வேண்டிய நேரமும் எரிபொருள் தாங்கும் நேரமும் ஒன்றாகவே எழுதப்பட்டிருந்த திட்டம் விமான நிலையத்திற் கொடுக்கப்பட்டது. கவனித்த உத்தியோகத்தர் ஒருவர் குறையைச் சுட்டினார். ஆயினும் விமானம் புறப்பட்டது. கண்டவருக்குத் தடுக்கும் அதிகாரம் இல்லையெனிற் கண்டதனால் பயன் என்ன?

இது தென் அமெரிக்கக் கதைதானே என்று எண்ண வேண்டா. 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆம் திகதி, பாங்கொக்கிலிருந்து சரக்கு ஏற்றி வந்த அன்டனோவ் விமானமொன்று எரிபொருள் தீர்ந்து கட்டுநாயக்காவுக்கு அண்மையிற் கதிரானையில் வீடுகளின் மேல் வீழ்ந்தது. தம் வீட்டில் இருந்தவர்களும் மாண்டனர். மும்பையில் 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28ஆம் திகதி, நெடுநாள் பறவாதிருந்து பழுதுபார்க்கப்பட்ட சிறு விமானமொன்று சோதனைப் பறப்பின்போது காட்கோபரில் வீழ்ந்தது. உள்ளே இருந்த நால்வரோடு தெருவிலே நடந்து சென்ற ஒருவரும் மாண்டார். விமானச் சீட்டு வாங்காதவனும் விமான விபத்திலே சாகிறான்! இரத்மலானையைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் காலி வீதி, அருகே வீடுகள், பாடசாலைகள், தொழிற்சாலைகள். விமானத்தில் ஏறாத நமக்கும் அந்த ஏட்டிலே பங்கு உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

எதிர்வாதங்கள்

"கண்டிப்பை அதிகரித்தால் செலவு கூடும், சிறு கம்பனிகள் மூடப்படும், உல்லாசப் பிரயாண வருமானம் குறையும்" என்கிறார்கள். இதில் ஓரளவு உண்மையுண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு சிறு உறுப்பின் விலையும், வரியும், நாணய மாற்றுத் தட்டுப்பாடும் நமக்குத் தெரியும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கே அந்நியச் செலாவணி இல்லாமல் நாடு தவித்தது. அவ்வாறான காலத்திலேதான் "இன்னும் ஐம்பது மணி நேரம் ஓடட்டும்" என்ற சபலம் எழும்; ஆகையால் அவ்வாறான காலத்திலேதான் பரிசோதனையும் இறுக வேண்டும். நெருக்கடியான ஆண்டிலே உறுப்புகளுக்கு வரிச் சலுகை கேட்கட்டும். நாமும் சேர்ந்து கேட்போம். பரிசோதனையிற் சலுகை கேட்டால் ஒருபோதும் உடன்படோம்.

"பரிசோதகர்கள் தொகை போதாது" என்பர் சிலர். நன்கு பயின்ற பொறியியலாளரைக் குறைந்த சம்பளத்துக்கு அமர்த்தினால் அவர் வளைகுடா நாட்டுக்குத்தான் போவார். பல கோடி பெறுமதியான விமானத்தைச் சோதிப்பவருக்கு அதற்கேற்ற ஊதியம் கொடுக்க அரசாங்கம் ஏன் தயங்க வேண்டும்?

"சட்டம் இருக்கிறதே!" என்பர் வேறு சிலர். ஆம், இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் அதிகாரசபையை நிறுவிற்று. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டம் அதற்கு அதிகாரங்களை அளித்தது. சட்டம் புத்தகத்தில் இருப்பது வித்து மூட்டையிற் கிடப்பதைப் போன்றது. மண்ணில் விழுந்தாலன்றி முளைக்காது.

நாம் கேட்பவை

முதலாவது: வாடகைக்குப் பறக்க உரிமம் பெற்ற ஒவ்வொரு கம்பனியின் பெயரும், அதன் ஒவ்வொரு விமானத்தின் பதிவெண்ணும், பறப்புத் தகுதிச் சான்றிதழ் முடிவடையும் நாளும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிடப்பட வேண்டும். இரத்மலானையிலும் பலாலியிலும் பிரயாணிகள் கூடும் மண்டபத்துச் சுவரில் அது தொங்க வேண்டும்.

இரண்டாவது: முன்னறிவித்தலின்றிச் செய்யும் பரிசோதனைகள் பெருக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளிலே எந்த வீடும் பெருக்கித்தான் இருக்கும்.

மூன்றாவது: குறையைக் கண்டு ஒப்பமிட மறுக்கும் பொறியியலாளருக்கும், பறக்க மறுக்கும் விமானிக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும். முதலாளியின் கோபத்துக்கு அஞ்சும் கை மெய்யான ஒப்பத்தை இடாது.

நான்காவது: விபத்தை ஆராய்பவர்கள் மேற்பார்வையிடுபவர்களின் கீழ் இருத்தலாகாது. தன் பிழையைத் தானே விசாரிப்பவன் தண்டனை விதிப்பானா? சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பும், 2016ஆம் ஆண்டிலிருந்து, சுதந்திரமான விசாரணை அமைப்பை வற்புறுத்துகிறது. விசாரணை அறிக்கைகள் மூன்று மொழிகளிலும் மக்கள் கைக்கு எட்ட வேண்டும்.

ஐந்தாவது: அயல்நாட்டிற் பதிவான விமானம் இங்கே வாடகைக்கு ஓடுமானால், பறப்புத் தகுதிக்கு எந்நாடு பொறுப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும், அந்த எழுத்தும் வெளியிடப்பட வேண்டும்.

நம் கடமை

கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. இங்கே சட்டத்தரணிகள் இருக்கிறீர்கள், பொறியியலாளர் இருக்கிறீர்கள், கணக்காளர், வைத்தியர், ஆசிரியர் இருக்கிறீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையிலிருக்கும் கருவி. சென்ற ஆண்டில் எத்தனை வாடகை விமானங்கள் சோதிக்கப்பட்டன, எத்தனை நிறுத்தி வைக்கப்பட்டன என்று எழுத்திற் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள், தமிழிலேயே மறுமொழி பெறுங்கள். மறுத்தால் மேன்முறையீடு செய்யுங்கள். மேடையில் முழங்கும் ஆயிரம் சொல்லினும் முத்திரை ஒட்டிய ஒரு கடிதம் சில வேளைகளில் வலியது.

கமக்காரப் பெரியோர்களே! உங்கள் மகனோ மருமகளோ வெளிநாட்டிலிருந்து வந்து, "ஐயா, பஸ்ஸிலே களைத்துப் போவீர்கள், சிறு விமானம் ஒன்று பேசியிருக்கிறேன்" என்று அழைத்தால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கம்பனிக்கு வாடகை உரிமம் உண்டா? இந்த விமானம் அந்த உரிமத்திற் சேர்ந்ததா? விமானிக்குத் தொழில்முறை அனுமதிப்பத்திரம் உண்டா? பிரயாணிகளுக்குக் காப்புறுதி உண்டா? மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். உயிரை ஒப்படைக்கும் விமானத்தைப் பற்றி நாலு வார்த்தை கேட்கக் கூச்சம் எதற்கு? கேட்டால் முகஞ்சுளிக்கும் கம்பனியின் விமானத்தில் ஏற வேண்டா.

சமாதான காலத்தில் வான்வழி நமக்குத் திறந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இரத்மலானைக்கு மீண்டும் வெளிநாட்டு விமானம் வந்தது. பழைய வழி மீண்டும் தழைக்கட்டும். கொழும்பும் யாழ்ப்பாணமும் சென்னையும் ஒன்றையொன்று நெருங்கட்டும். நம் தோட்டத்து விளைச்சலும் ஒரு நாள் அவ்வழியே சந்தைக்குப் பறக்கட்டும். ஆனால் மன்னார்க் கடலடியிலே பதினான்கு ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த அந்த 55 பேரின் பெயரால் ஒன்று கேட்கிறோம். இனி ஒரு விமானம் எழும்பு முன்னரே அதன் ஏடு பார்க்கப்படட்டும். விழுந்த பின் தேடும் அரசாங்கம் நமக்கு வேண்டா. எழும்பு முன் பார்க்கும் அரசாங்கமே வேண்டும். அதனைக் கேட்டுப் பெறும் வரை ஓயமாட்டோம் என்று உறுதி கொள்வோமாக.